பக்கத்து ஊர்க் கோட்டை

ஆரணி என்று சொன்னவுடன் வாசகர்களில் பலருக்குப் பட்டுப் புடவை ஞாபகம் வரும். சரித்திரம் படித்தவர்களுக்கு 1751-ஆம் ஆண்டில் கிளைவ் நடத்திய சண்டை ஞாபகம் வரும். இரண்டும் எங்களைச் சேர்ந்தவை அல்ல. அவை திருவண்ணாமலை ஜில்லாவிலுள்ள ஆரணிக்குச் சொந்தம். நாங்கள் இருப்பது திருவள்ளூர் ஜில்லாவில், பொன்னேரிக்கும் பெரியபாளையத்துக்கும் நடுவே, ஆரணி ஆற்றங்கரையில் உள்ள ஆரணி. ஜில்லாவின் பெயரை எழுத மறக்கும் உறவினர்களின் கல்யாணப் பத்திரிகைகள் அந்த ஆரணிக்கு யாத்திரை போய்விட்டு, கல்யாணம் முடிந்த பிறகு இந்த ஆரணிக்கு வந்து சேர்வது வழக்கம்.

எங்கள் ஆரணிக்குக் கோட்டை கிடையாது, கொத்தளம் கிடையாது, ஜாகீர்தாரும் கிடையாது. ஆறு உண்டு, அதில் சில மாதம் தண்ணீரும் உண்டு. தறிகள் உண்டு. கொஞ்ச தூரத்தில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை உண்டு. அங்கே ஆட்களை ஏற்றிப் போக விடியற்காலையில் வந்து நிற்கும் பஸ்கள் உண்டு. பார்ப்பதற்கு இங்கே வேறு என்ன இருக்கிறது என்றுதான் நாங்கள் வெகு காலம் எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த எண்ணம் சென்ற மார்கழியில் மாறிற்று. மாறிய விதத்தைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

எங்கள் தமக்கையின் மகன் அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினீயராக இருக்கிறான். பயிற்சிக்காக அவனை ஆறு மாதம் ஜப்பானுக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது ஒரு பொட்டலம் பச்சைத் தேயிலையும், கைப்பேசி நிறையப் படங்களும் கொண்டுவந்தான். தேயிலையை ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தோம். பாலும் சர்க்கரையும் சேர்க்கக் கூடாது என்று அவன் சொன்னதும் எங்கள் உற்சாகம் குறைந்துவிட்டது. ஆனால் படங்களை ராத்திரி பத்து மணி வரையில் பார்த்தோம்.

ஹிமெஜி என்னும் ஊரில் உள்ள கோட்டையைக் காட்டினான். வெள்ளை வெளேரென்று, இறகை விரித்து நிற்கும் பறவை போல் இருந்தது. அந்த ஊரார் அதற்கு வெண்கொக்கு என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம். இப்போதுள்ள அதன் பெரிய கோபுரம் 1609-ல் கட்டி முடிந்தது. 1945-ல் ஊரெல்லாம் குண்டு விழுந்து எரிந்தபோதும் அது தப்பியது. ஒஸாகாக் கோட்டையின் கோபுரமோ 1931-ல் ஊர் ஜனங்கள் கொடுத்த நன்கொடையைக் கொண்டு கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது. உள்ளே மின்தூக்கி இருக்கிறது.

நாரா நகரத்துப் பெரிய புத்தரின் படம் வந்தது. 752-ஆம் ஆண்டில் அந்தச் சிலைக்குக் கண் திறந்த வைபவத்தை நடத்தி வைத்தவர் போதிசேனர் என்னும் நம் நாட்டுத் துறவி என்று கேட்டபோது எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு ஈஸே என்னும் க்ஷேத்திரம். அங்கே மரத்தால் ஆன கோயிலை இருபது வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி, தெய்வத்தை அதற்கு எழுந்தருளச் செய்து, பழையதைப் பிரித்துவிடுவார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷத்து வழக்கம் இது. யுத்த காலங்களில் இடையே நின்றுபோனதும் உண்டு. கடைசியாகக் கட்டியது 2013-ல், அறுபத்திரண்டாம் தடவை.

"இருபது வருஷத்துக்கு ஒரு தரம் பிரிச்சுக் கட்டினா அதைப் பழைய கோயில்னு எப்படிடா சொல்றது?" என்று மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள். அம்மாவுக்கு வயது எண்பது.

"ஒரு தலைமுறைத் தச்சன் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக் கொடுத்துவிடுகிறான், பாட்டி. வேலை தெரிந்த கை ஒருபோதும் அற்றுப் போகாது" என்றான் பேரன்.

"அப்ப கோயில் பழசில்லை, வேலைதான் பழசு" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கடைசியாக நாகஸாகி துறைமுகம் வந்தது. ஜப்பான் தேசம் இருநூறு வருஷத்துக்கு மேல் அந்நியருக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த காலத்தில், ஐரோப்பியரில் டச்சுக்காரர்களுக்கு மட்டும் அங்கே வியாபாரம் செய்ய அனுமதி இருந்தது. அதுவும் கடலில் மண் கொட்டி உண்டாக்கிய தெஷிமா என்னும் விசிறி வடிவமான சிறு தீவில். 1641 முதல் அவர்கள் அந்தத் தீவுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். பிற்காலத்தில் சுற்றியிருந்த கடலைத் தூர்த்ததில் தீவு ஊருக்குள் மறைந்துவிட்டது. நாகஸாகி நகர சபையார் மனம் தளராமல் பல பத்து வருஷங்கள் நிலத்தை மீட்டு, பழைய வீடுகளையும் கிடங்குகளையும் இருந்தபடியே எழுப்பி, 2017-ல் தீவுக்குப் போகும் பாலத்தையும் போட்டுவிட்டார்கள்.

"அந்த ஊரிலே கண்ணாடிப் பெட்டிக்குள் கையகல நீளத்தில் ஒரு துணிப் பை வைத்திருந்தார்கள், மாமா. தேநீர்ச் சடங்குக்கான பாத்திரத்தைப் போட்டு வைக்கிற பை. பூப்போட்ட சாயத் துணி. அதற்கு ஸரஸா என்று பெயர். டச்சுக் கப்பலில் வந்த இந்தியத் துணி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்தது என்று எழுதியிருந்தது. கோடு போட்ட இன்னொரு துணிக்கு ஸாந்தொமே என்று பெயராம். நம் மயிலாப்பூர்ச் சாந்தோமின் பெயர்தான்!" என்றான்.

பிறகு அவன் முகம் கொஞ்சம் வாடியது. பயிற்சி கொடுத்த ஜப்பானியப் பெரியவர் ஒருவர் தம்முடைய விடுமுறை நாட்களை எல்லாம் செலவழித்து இந்த இடங்களுக்கு அவனை அழைத்துப் போனாராம். அவர் தை மாதத்தில் கும்மிடிப்பூண்டிக்கு வரப்போகிறார். "உங்கள் ஊரிலுள்ள பழைய இடங்களை எனக்குக் காட்ட வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்.

"நம் ஊரில் எதைக் காட்டுவது, மாமா? பேசாமல் மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போய்விடலாம் என்று பார்க்கிறேன்" என்றான்.

நாங்களும், "ஆமாம், அதுதான் சரி" என்றோம்.

"ஏன், எங்க ஊரிலே கோட்டை இருக்கே!" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அம்மாவின் பிறந்த ஊர் பழவேற்காடு. பதினாறு வயதில் வாழ்க்கைப்பட்டு ஆரணிக்கு வந்தவள். அந்த ஊர்க் கல்யாணங்களுக்கு நாங்கள் எத்தனையோ தடவை போயிருக்கிறோம், சாப்பிட்டிருக்கிறோம், தாம்பூலம் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறோம். கோட்டையைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான தூரம். பிள்ளையாண்டான் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து டச்சுக்காரன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். பக்கத்து ஊரிலுள்ள டச்சுக்காரன் கோட்டையை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு அடங்கியபோது எங்களுக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். அம்மாவும் வருவேன் என்றாள். முழங்கால் வலியைச் சொல்லித் தடுத்துப் பார்த்தோம். "எங்க அண்ணன் காரியத்துக்குப் போனது, முப்பது வருஷம் ஆச்சு. இப்பப் போகாம எப்பப் போறது?" என்றாள். அந்தக் கேள்விக்கு யாரிடத்திலும் பதில் இல்லை.

வழியில் சிறுவாபுரிக்குப் போனோம். சின்னம்பேடு என்றும் சொல்வார்கள். அருணகிரிநாதர் பாடிய ஸ்தலம். சொந்த வீடு வேண்டும் என்று ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வந்து முருகனைப் பிரார்த்திப்பவர்களால் இந்தச் சிற்றூர் இப்போது பெரிய ஊராகிவிட்டது. சென்னையில் நிலத்தின் விலை ஏற ஏறச் சிறுவாபுரியில் கூட்டமும் ஏறுகிறது. பிறகு பொன்னேரிக்குப் போய் அகஸ்தீசுவரரையும் கரிகிருஷ்ணப் பெருமாளையும் சேவித்தோம். சித்திரை உற்சவத்தில் இந்த ஊரில் சிவனும் பெருமாளும் வீதியிலே எதிரெதிரே வந்து சந்திப்பார்கள். அந்தக் காட்சியைக் காணச் சுற்று வட்டாரம் முழுவதும் திரளும்.

"ஈஸேயில் இருபது வருஷத்துக்கு ஒரு முறை செய்வதைத்தான் நாம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்று செய்கிறோம் போலிருக்கிறது" என்றான் மருமகன். அது முற்றும் சரியல்ல. நாம் கோயிலைப் பிரிப்பதில்லை. ஆனாலும் அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. ஜனங்கள் வந்துபோகிற இடத்தைப் பழுது பார்க்க யாராவது முன்வருகிறார்கள். யாரும் போகாத இடத்தில் முள் முளைக்கிறது. இதற்கு அத்தாட்சி அன்று பிற்பகலிலேயே கிடைத்தது.

பொன்னேரியைத் தாண்டினால் பூமி தாழ்ந்து, காற்றில் உப்பு மணக்கத் தொடங்கும். ஆந்திர நாட்டு மலைகளில் புறப்பட்டு, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், எங்கள் ஆரணி, பொன்னேரி என்று நடந்து வரும் ஆரணி ஆறு பழவேற்காட்டு ஏரியின் பக்கம்தான் கடலைச் சேருகிறது. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறமாகப் போகும் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தை அன்றுதான் முதன்முதலாக மனத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரிஸாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உப்பு நீர் ஏரி இதுவே. தூரத்தில் செங்கால் நாரைகளும் பூநாரைகளும் வரிசையாக நின்று இரை தேடிக்கொண்டிருந்தன.

முதலில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சுற்றுச் சுவர் எழுப்பி, சர்க்கார் தொல்பொருள் இலாகாவார் பாதுகாத்து வருகிறார்கள். வாசலில் இரு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் கோயில் வாசலில் துவாரபாலகர்கள் நிற்பது போல அங்கே அவை நிற்கின்றன. உள்ளே பெரிய பெரிய கற்கள். ஒவ்வொன்றிலும் குலச் சின்னமும், கப்பலில் வந்து இங்கே மாண்டவர்களின் பெயரும், பிறந்த தேதியும் இறந்த தேதியும், முந்நூறு வருஷத்துக்குப் பிறகும் கையால் தடவிப் படிக்கக்கூடிய ஆழத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. கணவன், மனைவி, கைக்குழந்தை என்று குடும்பமாகக் கிடக்கிறார்கள்.

பிறகு கோட்டைக்குப் போனோம். கோட்டை என்று சொன்னது வழக்கத்தைப் பற்றி. அங்கே இருப்பது ஒரு மேடு. மேட்டின் மேல் சீமைக் கருவேல முள். சுற்றிலும் அகழி இருந்த பள்ளம். முள்ளுக்குள்ளே உற்றுப் பார்த்தால் செங்கல். ஹிமெஜியையும் ஒஸாகாவையும் பார்த்த பிள்ளை வாயடைத்து நின்றான்.

அம்மா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். "இதோ, இதுதான் கோட்டை. இங்கேதான் ஆடு மேய்ப்பாங்க. உச்சி வேளையிலே வரக் கூடாதுன்னு எங்க பாட்டி அடிப்பாங்க" என்றாள்.

மேட்டோரத்தில் கிடைத்த நிழலில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, புறப்படுமுன் படித்து வைத்திருந்த சரித்திரத்தைச் சொன்னோம். 1610-ல் டச்சுக்காரர்கள் விஜயநகரத்து வேங்கடபதி தேவராயரிடம் அனுமதி பெற்று இங்கே பண்டகசாலை வைத்தார்கள். 1612-ல் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி அழித்தார்கள். அதன் பிறகு 1613-ல் எழுந்ததுதான் இந்தக் கோட்டை. தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரால் கெல்டிரியா என்று அழைத்தார்கள். 1690 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகரம் இதுதான். உள்ளே வெடிமருந்து செய்தார்கள், நாணயம் அடித்தார்கள். சுற்று வட்டார நெசவாளரும் சாயக்காரரும் செய்த துணி இங்கிருந்து ஜாவாவிலுள்ள பட்டேவியாவுக்குப் போய், அங்கிருந்து கிழக்கு நாடுகளுக்கெல்லாம் பரவிற்று. மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் பெலிக்காட் துணி என்றுதான் பெயர். பழவேற்காட்டை அந்நியர் உச்சரித்த விதம் அது. ஊரை மறந்துவிட்டார்கள், பெயரை இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிற்பாடு ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் நடந்த சண்டைகளில் ஊர் கை மாறி மாறிப் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கோட்டையை இடித்தார்கள். 1825-ல் ஊர் முழுவதும் அவர்கள் வசமாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. துணி மட்டும் கப்பல் ஏறவில்லை. பஞ்ச காலங்களில் பிள்ளைகளைப் பெற்றோரே விற்கும்படி நேர்ந்தது. அப்படி விலைக்கு வாங்கப்பட்டவர்களும், பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களும் ஆயிரக்கணக்கில் இந்தத் துறையிலிருந்து அடிமைகளாகப் பட்டேவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தோட்டத்திலே கல்லு வெச்சிருக்காங்களே, அதிலே இவங்க பேர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லை, அம்மா."

"துணி நெய்தவங்க பேர்?"

"அதுவும் இல்லை."

மருமகன் சட்டென்று, "அப்படியானால் இந்தக் கோட்டை இடிந்ததே நல்லது, மாமா. முள் மண்டிப் போகட்டும். நமக்கு இதில் என்ன பெருமை?" என்றான்.

அவன் கோபம் நியாயமானது. அந்நியன் நம்மைச் சுரண்டக் கட்டிய கோட்டைக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் அவன் காட்டிய படத்திலேயே பதில் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியது. தெஷிமாவை நாகஸாகிக்காரர்கள் திரும்ப எழுப்பியது டச்சுக்காரரிடத்தில் உள்ள பிரியத்தினால் அல்லவே? தங்கள் ஊர் எப்படி வாழ்ந்தது என்ற கதையில் அந்தத் தீவு ஒரு அத்தியாயம். அத்தியாயத்தைக் கிழித்துவிட்டால் கதை புரியாது. கோட்டை மேடும் அத்தகையதே. மேட்டை முள் மூடிவிட்டால், டச்சுக்காரனின் அக்கிரமமும் சேர்ந்து மூடிப் போகும். அவனுடைய கல்லறை மட்டும் அழகாக நிற்கும். நெய்தவனுக்கும், விற்கப்பட்ட குழந்தைக்கும், கல் இல்லாதபடியால், இந்த மேடு ஒன்றுதான் அடையாளம்.

இதைச் சொன்னபோது பிள்ளையாண்டானுக்கு வேறொரு கதை ஞாபகம் வந்தது. ஜப்பானிலும் எல்லாக் கோட்டைகளும் தப்பவில்லையாம். 1873-ல் அந்த நாட்டுச் சர்க்காரே பழைய கோட்டைகளை ஒழித்துவிட உத்தரவு போட்டது. பழைய கோபுரம் அப்படியே நிற்கும் கோட்டைகள் இன்று பன்னிரண்டுதான். அவற்றில் மட்ஸுமோட்டோ என்பது ஒன்று. 1872-ல் அதை ஏலம் விட்டுவிட்டார்கள். வாங்கியவன் இடித்து மரத்தை விற்க வேண்டியதுதான் பாக்கி. இச்சிகாவா ரியோஸோ என்னும் அவ்வூர்ப் பிரமுகர் ஒருவர், கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கி, கோட்டைக்குள்ளேயே கண்காட்சிகள் நடத்தி, வந்த பணத்தைக் கொண்டு அதை மீட்டார். அவர் ராஜாவும் அல்லர், சேனாபதியும் அல்லர்.

பழவேற்காட்டிலும் அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஊருக்குள் ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. விஜயநகர காலத்து வேலை. இராமாயணக் காட்சிகளை விரல் அளவுச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். மரக்கலம் ஓட்டி வியாபாரம் செய்த முஸ்லிம்களின் தெருக்களும், அவர்கள் பரம்பரையாகத் தொழுதுவரும் பள்ளிவாசல்களும் இருக்கின்றன. அந்தத் தெருப் பெண்மணிகள் பனை ஓலையில் பின்னும் பெட்டிகளை ஒரு தடவை கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. இரண்டு வாங்கினோம். கோட்டை போய்விட்டது, ஈஸேத் தச்சனின் கையைப் போல இந்தக் கைகள் இருக்கின்றன. "வேலைதான் பழசு" என்று அம்மா அன்று சொன்னதை இங்கே நினைத்துக்கொண்டோம்.

அம்மா பிறந்த வீட்டைத் தேடினோம். வீடு இல்லை. மனையில் வேறொரு மாடி வீடு நிற்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் முன்பின் அறியாத எங்களை உள்ளே அழைத்து மோர் கொடுத்தார்கள். கிணறு மட்டும் பழையபடியே இருந்தது. அம்மா அதன் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு, எந்தத் தெருவில் சாயத் தொட்டி இருந்தது, எந்த மரத்தடியில் பாவு ஓட்டினார்கள், எந்தத் துறையில் படகு கட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவற்றில் பெரும்பாலானவை இப்போது இல்லை; அம்மாவின் ஞாபகத்தில்தான் இருக்கின்றன. பேரன் ஒரு வார்த்தை விடாமல் கைப்பேசியில் எழுதிக்கொண்டான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இவற்றை நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

திரும்பும்போது ஏரியின் மேல் சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. காரில் யாரும் அதிகம் பேசவில்லை. எங்கள் ஊர் எல்லையில் தறிச் சத்தம் கேட்டபோது மருமகன் சொன்னான்: "மாமா, மாமல்லபுரத்துக்கு இன்னொரு நாள் போகலாம். முதல் நாள் அவரைப் பழவேற்காட்டுக்குத்தான் அழைத்துக்கொண்டு போகப் போகிறேன். மேட்டைக் காட்டி, இங்கேயிருந்துதான் உங்கள் தேநீர்ப் பைக்குத் துணி வந்தது என்று சொல்வேன். மற்றதையும் மறைக்காமல் சொல்வேன். பாட்டியும் கூட வர வேண்டும்."

வாசகர்களே! உங்கள் ஊருக்கு ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள் இப்படி ஒரு மேடு அவசியம் இருக்கும். ஒரு பாழடைந்த மண்டபம், ஒரு தூர்ந்த குளம், ஒரு பழைய துறை எதுவாகவும் இருக்கலாம். வீட்டிலேயே அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்த ஒரு பாட்டியும் இருக்கக்கூடும். தூர தேசங்களுக்கு அவசியம் போய் வாருங்கள். போன பிறகுதான் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் கண் திறந்தது. ஆனால் பாட்டி இருக்கும்போதே பக்கத்து ஊருக்கும் ஒரு நடை போய் வந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது விருந்தாளி வருகிற ஏற்பாடு நடக்கிறது. ஜப்பான்காரருக்குப் பொங்கல் பிடிக்குமா, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாரா என்று அம்மா தினம் ஒரு தரம் விசாரிக்கிறாள். ஜப்பானில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது அவர்களுக்குப் பழக்கந்தான் என்று பேரன் சொன்னதும், "அப்ப நம்ம மனுஷாள்தான்" என்று சொல்லிவிட்டு, அவருக்குக் கொடுப்பதற்கென்று கட்டம் போட்ட புதுக் கைலி ஒன்றை எடுத்துத் தனியாக மடித்து வைத்திருக்கிறாள்.